ஃபை மீசான் வெளியே வந்தால் புரோட்டானுக்குள் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் இருந்தது என்று பொருளா?

கேள்வி இது: புரோட்டானில் இரண்டு அப் குவார்க்கும் ஒரு டவுன் குவார்க்கும் இருப்பதாகத்தான் பாடத்தில் படித்தோம். ஆனால் ஃபோட்டானால் புரோட்டானை அடிக்கும்போது கேயான், ஃபை போன்ற மீசான்கள் (ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்கள்) வெளியே வருகின்றன. அவற்றில் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் இருக்கிறது. அப்படியானால் அது புரோட்டானுக்குள் ஏற்கெனவே இருந்ததா? மீசானை வைத்துப் புரோட்டானின் குவார்க் கணக்கை எப்படிச் சொல்கிறார்கள்?

முதலில் சுருக்கமான பதில். வெளியே வந்துவிட்டது என்பதற்காக உள்ளே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மோதலுக்குப் பிறகு கையில் அகப்படும் ஒரு குவார்க்குக்கு மூன்று பிறப்பிடங்கள் சாத்தியம். புரோட்டானில் முன்பே இருந்திருக்கலாம். ஃபோட்டான் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். மோதிய ஆற்றலில் அந்தக் கணத்தில் பிறந்திருக்கலாம். மீசானைப் பிடிப்பது இந்தத் துறையில் பாதி வேலைதான். "இந்தக் குவார்க் யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரிப்பது மீதிப் பாதி. கடினமானதும் அதுதான்.

இனி விரிவாக.

இரண்டு அப், ஒரு டவுன் என்பது நிகரக் கணக்கு. புரோட்டானிலுள்ள அப் குவார்க்குகளின் எண்ணிக்கையிலிருந்து எதிர் அப் குவார்க்குகளின் எண்ணிக்கையைக் கழித்தால் எப்போதும் 2 வரும். டவுனுக்கு அப்படிச் செய்தால் 1. ஸ்ட்ரேஞ்சுக்கு 0. கணக்கில் இருப்பு பூஜ்யம் என்பதால் வரவு செலவே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? அதே கதைதான் இங்கும். குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளூவான்கள் கணந்தோறும் குவார்க்–எதிர்க்குவார்க் ஜோடிகளாகப் பிரிந்து மறுபடி சேர்கின்றன. இந்தக் கூட்டத்தைக் 'கடல் குவார்க்குகள்' என்பார்கள். புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இந்தத் துறையில் நிறையையும் ஆற்றல் அலகிலேயே சொல்வார்கள்). இரண்டு அப், ஒரு டவுன் ஆகியவற்றின் சொந்த நிறைகளைக் கூட்டினால் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்கூடத் தேறாது. ஏறக்குறைய முழு நிறையும் இந்தக் கொந்தளிப்பிலிருந்து வருகிறது. ஆகவே, புரோட்டானில் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் உண்டா என்று கேட்டால் கடலில் நிச்சயம் உண்டு. எவ்வளவு, எந்த நிலையில், நாம் காணும் மீசானில் வந்தது அதுதானா என்பவைதான் உண்மையான கேள்விகள்.

1968-இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் எலக்ட்ரான்களைப் புரோட்டான்மீது ஏவி, சிதறிய எலக்ட்ரானை மட்டும் அளந்தார்கள். உள்ளே புள்ளி போன்ற துகள்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஃப்ரீட்மன், கெண்டால், டெய்லர் மூவருக்கும் 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். ஆனால் அந்த முறையில் ஒரு குறை உண்டு. எலக்ட்ரானுக்குத் தெரிவது மின்சுமையின் வர்க்கம் மட்டும். டவுனுக்கும் ஸ்ட்ரேஞ்சுக்கும் மின்சுமை ஒன்றே, −1/3. இரண்டில் எது அடிபட்டது என்று சிதறிய எலக்ட்ரானிடம் கேட்டுப் பயனில்லை. மீசான் அப்படியில்லை, அது முகவரி எழுதிய உறை. நேர்மின் கேயான் என்றால் ஓர் அப், ஓர் எதிர் ஸ்ட்ரேஞ்ச். ஃபை என்றால் ஸ்ட்ரேஞ்ச்–எதிர் ஸ்ட்ரேஞ்ச் ஜோடி. ஜே-சை என்றால் சார்ம்–எதிர் சார்ம் (சார்ம் என்பது ஸ்ட்ரேஞ்சைவிடக் கனமான குவார்க் வகை). மீசானைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் எந்தக் குவார்க்கைப் பற்றிக் கேட்கிறோம் என்பதையும் தேர்ந்தெடுக்கிறோம். ஒளியால் மீசானை உருவாக்கும் சோதனைகளின் கவர்ச்சியே இதுதான்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது: ஃபோட்டான் ஒன்றும் அப்பாவி இல்லை. ஒளித்துகள் என்றால் வெறும் மின்காந்த ஆற்றல் என்று நினைக்கிறோம். ஆனால் அதிக ஆற்றலுள்ள ஃபோட்டான் போகிற வழியில் கொஞ்ச நேரம் ஒரு குவார்க்–எதிர்க்குவார்க் ஜோடியாக மாறிவிட்டுத் திரும்புகிறது. ஃபோட்டானின் தற்சுழற்சி (ஸ்பின்) 1. ரோ, ஒமேகா, ஃபை, ஜே-சை ஆகிய மீசான்களுக்கும் அதே 1. அதனால் இந்த நான்கின் வேடத்தையும் அது போட முடியும். எந்த வேடம் எவ்வளவு அடிக்கடி என்பதைப் பேப்பரில் நான்கே வரியில் கணக்கிடலாம். ரோவில் அப் ஜோடியும் டவுன் ஜோடியும் கழித்தல் குறியோடு கலந்திருக்கின்றன. மின்சுமைகளை அப்படியே போட்டால் 2/3 − (−1/3), அதாவது 1. அதை √2-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1/2. ஒமேகாவில் கூட்டல் குறி: 2/3 − 1/3, அதாவது 1/3, அதே மாதிரி செய்தால் 1/18. ஃபையில் ஸ்ட்ரேஞ்ச் மட்டும், 1/9. ஜே-சையில் சார்ம் மட்டும், 4/9. எல்லாவற்றையும் 18-ஆல் பெருக்கினால் 9 : 1 : 2 : 8.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. இந்த நான்கு மீசான்களும் எலக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடியாகச் சிதையும்போது இடையில் ஒரு ஃபோட்டானாக மாறித்தான் சிதைகின்றன. அந்தச் சிதைவின் அகலங்களை (எவ்வளவு விரைவாக அப்படிச் சிதைகிறது என்று சொல்லும் எண்களை) அளந்தால் கிலோ எலக்ட்ரான் வோல்ட் அலகில் ஏறத்தாழ 7.0, 0.6, 1.3, 5.5 என்று கிடைக்கின்றன. முதல் எண்ணை 9 என்று வைத்துக்கொண்டால் மற்றவை 0.8, 1.6, 7.1. பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு இயற்கையோடு இவ்வளவு நெருங்கி வருவதை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

இப்போது உங்கள் ஃபை மீசானுக்கு வருவோம். ஃபோட்டான் தானே ஸ்ட்ரேஞ்ச் ஜோடியாக மாறிப் புரோட்டானை உரசிச் சென்றால், புரோட்டான் எதையும் கொடுக்காமலே ஃபை வெளியே வந்துவிடும். புரோட்டான் செய்ய வேண்டியது ஒரு தள்ளு கொடுத்து அந்த ஜோடியை நிஜ மீசானாக்குவது மட்டுமே. இங்கே குவார்க் ஃபோட்டான் வீட்டுப் பிள்ளை.

எவ்வளவு தூரத்துக்கு ஃபோட்டான் அந்த வேடத்தில் இருக்கும்? நிச்சயமின்மைக் கோட்பாட்டை வைத்து மதிப்பிடலாம். ஃபோட்டானின் ஆற்றலை இரண்டால் பெருக்கி, மீசான் நிறையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 9 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ரோவாக மாறினால் ஏறக்குறைய 6 ஃபெம்டோமீட்டர் தூரம் அப்படியே போகும். புரோட்டானின் மின்சுமை ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர்தான். அதாவது புரோட்டானுக்கு முன்னால் வெகுதூரத்திலேயே வேடம் போட்டுவிட்டு வருகிறது. அதே ஆற்றலில் ஜே-சை என்றால் வெறும் 0.4 ஃபெம்டோமீட்டர். 2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஃபை என்றால் 0.8-க்குக் கொஞ்சம் குறைவு, ஏறத்தாழப் புரோட்டானின் ஆரமே. எனவே வாசல் ஆற்றலுக்குப் பக்கத்தில் வரும்போது "முன்னாலேயே மாறிவிட்டது" என்ற படம் மங்கி, குவார்க் எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது. வாசல் ஆற்றல் என்பது அந்த மீசானை உருவாக்கத் தேவையான குறைந்தபட்ச ஃபோட்டான் ஆற்றல். நடுநிலைப் பையானுக்கு 145 மெகா எலக்ட்ரான் வோல்ட், ஈட்டாவுக்கு 708, கேயான்–லாம்டா ஜோடிக்கு 911 (லாம்டா என்பது ஸ்ட்ரேஞ்ச் குவார்க் உள்ள, புரோட்டானின் உறவுத் துகள்), ஃபைக்கு 1573. ஜே-சைக்கு ஒரே தாவலாக 8200.

சோதனை எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு நிகழ்வைப் பின்தொடர்ந்து பார்ப்போம். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் கிளாஸ் என்ற உணர்கருவி இருந்த காலத்து கேயான்–லாம்டா நிகழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கியிலிருந்து வரும் எலக்ட்ரான் ஒரு மெல்லிய தகட்டைக் கடக்கிறது. அணுக்கருவின் அருகே வேகம் குறைந்து, இழந்த ஆற்றலை ஃபோட்டானாக உமிழ்கிறது. களைத்துப்போன எலக்ட்ரானை ஒரு காந்தம் வளைக்கிறது. எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால் அதன் மீதி ஆற்றல் தெரியும். ஆரம்ப ஆற்றலிலிருந்து கழித்தால் ஃபோட்டானின் ஆற்றல் கைக்கு வந்துவிடும். ஃபோட்டானைத் தொடாமலே அதன் கழுத்தில் விலைச்சீட்டு மாட்டுவது போன்ற வேலை இது. தகட்டுக்குப் பதிலாக மெல்லிய வைரப் படிகத்தைத் தகுந்த கோணத்தில் வைத்தால், ஃபோட்டான்களின் மின்புலம் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். முனைவாக்கம் என்பது அதுதான். 

ஃபோட்டான் நேராகப் போய், 20 கெல்வின் குளிரில் இருக்கும் திரவ ஹைட்ரஜனில் ஒரு புரோட்டானை அடிக்கிறது. ஒரு நேர்மின் துகள் கிளம்பிக் காந்தப்புலத்தில் வளைந்து ஓடுகிறது. வளைவிலிருந்து உந்தம் நொடிக்கு ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவென்று தெரிகிறது என்போம். மன்னிக்கவும், 'நொடிக்கு' இல்லை, ஒளிவேகத்தால் வகுத்தது. அவசரத்தில் எழுதினால் இப்படித்தான். சரி, அது கேயானா, பையானா? ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் ஒளிர்விப் பட்டையை அது தொடும் நேரத்தைப் பார்க்க வேண்டும். பையானாக இருந்தால் 16.8 நானோ நொடி. கனமான கேயானுக்கு 18.6. இடைவெளி இரண்டு நானோ நொடிகூட இல்லை. ஆனால் அந்தப் பட்டைகள் 0.15 நானோ நொடி அளவுக்குத் துல்லியமாக நேரம் சொல்லும் என்பதால் பிரச்சினை இல்லை. கேயான் என்று முடிவானதும், உள்ளே வந்த ஆற்றல்–உந்தத்திலிருந்து கேயானுடையதைக் கழித்து, மிச்சமுள்ள கண்ணுக்குப் படாத துகளின் நிறையைக் கணக்கிடுவார்கள். ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை அடுக்கினால் 1116 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்மையான முகடு, 1193-இல் இன்னொன்று. முதலாவது லாம்டா, இரண்டாவது அதன் நெருங்கிய உறவுத் துகளான சிக்மா.

இந்த நிகழ்வில் புரோட்டான் போய் லாம்டா வந்திருக்கிறது. அதாவது அப்-அப்-டவுன் என்பது அப்-டவுன்-ஸ்ட்ரேஞ்ச் ஆகிவிட்டது. ஓர் அப் குவார்க் எதிர் ஸ்ட்ரேஞ்சோடு கைகோத்துக் கேயானாகப் போய்விட்டது. இந்த ஸ்ட்ரேஞ்ச் ஜோடி யாருடையது? லாம்டாவே இதற்கு ஒரு துப்பு தருகிறது. எளிய குவார்க் மாதிரியில் லாம்டாவுக்குள் அப்பும் டவுனும் தற்சுழற்சியை ஒன்றுக்கொன்று சமன் செய்துகொள்கின்றன. லாம்டாவின் தற்சுழற்சி முழுக்க ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கினுடையது. லாம்டா சிதையும்போது புரோட்டான் எந்தப் பக்கம் அதிகம் பறக்கிறது என்று பார்த்தாலே தற்சுழற்சியின் திசை தெரிந்துவிடும். தனிக் கருவி தேவையில்லை. அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் துகள்.

2007-இல் வெளிவந்த கிளாஸ் முடிவுகளில் ஒரு வியப்பு இருந்தது. வட்ட முனைவாக்கம் பெற்ற (மின்புலம் ஒரே தளத்தில் அதிராமல் சுழலும்) ஃபோட்டானால் அடித்தபோது, கிட்டத்தட்ட எல்லாக் கோணங்களிலும் எல்லா ஆற்றல்களிலும் லாம்டா நூறு விழுக்காட்டை ஒட்டி முனைவாக்கம் பெற்றிருந்தது, அதாவது லாம்டாக்களின் தற்சுழற்சி ஏறத்தாழ முழுக்க ஒரே பக்கம் திரும்பியிருந்தது. திசை மாறினாலும் மொத்த அளவு குறையவில்லை. இதற்கு வந்த விளக்கங்களில் எனக்குப் பிடித்தது இது: ஃபோட்டான் முதலில் ஃபை போன்றதொரு ஸ்ட்ரேஞ்ச் ஜோடியாகி, தன் சுழற்சியை அப்படியே அந்த ஜோடிக்குக் கொடுத்துவிடுகிறது, அந்த ஸ்ட்ரேஞ்ச் குவார்க்தான் லாம்டாவுக்குள் போய் உட்காருகிறது. இது சரியென்றால் நம் கேள்விக்குப் பதில் 'ஃபோட்டான் வீட்டுப் பிள்ளை'. இது ஒரு விளக்கம் மட்டுமே, நிரூபணம் இல்லை. ஆனால் தற்சுழற்சியை அளக்காமல் வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இப்படி ஒரு விசாரணையே நடந்திருக்காது.

ஒரு கிளைக்கதை. லாம்டா எவ்வளவு சாய்வாகச் சிதைகிறது என்பதைச் சொல்லும் எண்ணைப் பல பத்தாண்டுகளாக 0.642 என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019-இல் சீனாவின் பெஸ்-3 சோதனை அதை 0.750 என்று அளந்தது. அதே ஆண்டில் கிளாஸின் பழைய கேயான் தரவுகளைத் தோண்டி எடுத்துக் கணக்கிட்டபோது 0.721 வந்தது. எப்படிப் பார்த்தாலும் பழைய எண் தவறு. அதை நம்பி வெளியிட்ட லாம்டா முனைவாக்க அளவுகளையெல்லாம் பத்து விழுக்காட்டுக்கு மேல் திருத்த வேண்டியதாயிற்று. அடித்தளத்தில் உறங்கிக் கிடந்த ஒரு பிழையைப் புரோட்டானைத் துருவப் போனவர்களின் தரவும் சேர்ந்து வெளியே இழுத்துப் போட்டது.

இப்போது ஃபைக்குத் திரும்புவோம். ஸ்ட்ரேஞ்ச் ஜோடியால் ஆன மீசான், ஸ்ட்ரேஞ்ச் இல்லாத துகள்களோடு குவார்க்கைப் பரிமாறிக்கொள்ள முடியாது. குளூவான்கள் வழியாக மட்டுமே பேச முடியும். இதனால் ஃபை உருவாவது அரிது. சில ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ரோவின் குறுக்குவெட்டு (அந்த வினை நடக்கும் வாய்ப்பின் அளவு, அதன் அலகு பார்ன்) பத்து மைக்ரோபார்னுக்கு மேல். ஃபைக்கு அரை மைக்ரோபார்ன்தான். மேலே கண்ட 9-க்கு 2 என்ற விகிதம் மட்டும் வேலை செய்திருந்தால் ஃபை இன்னும் எத்தனையோ மடங்கு அதிகம் வந்திருக்கும். இந்த அரிதுத்தன்மையைத்தான் 1990-களில் கோட்பாட்டாளர்கள் பயன்படுத்தப் பார்த்தார்கள். வழக்கமான பாதை இவ்வளவு ஒடுங்கியிருந்தால், புரோட்டானுக்குள் முன்பே இருக்கும் ஸ்ட்ரேஞ்ச் ஜோடியை ஃபோட்டான் நேரடியாகத் தட்டி வெளியேற்றும் பாதை சிறியதாக இருந்தாலும் கண்ணில் படும் என்பது அவர்கள் எண்ணம். குறிப்பாக ஃபோட்டான், இலக்குப் புரோட்டான் இரண்டின் தற்சுழற்சியும் ஒரே பக்கமா, எதிரெதிரா என்று மாற்றி மாற்றி அளந்தால், இரு பாதைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வித்தியாசம் காட்டும்.

நடைமுறையில் இது அவ்வளவு சுலபமாக இல்லை. ஜப்பானின் ஸ்பிரிங்-8 வளாகத்தில் லெப்ஸ் என்ற சோதனை, 8 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பித் தெறிக்கும் ஃபோட்டான்களைப் பயன்படுத்தியது. 2005-இல் அவர்கள் வெளியிட்ட ஃபை தரவில், குறுக்குவெட்டு ஆற்றலோடு சீராக ஏறாமல் 2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு மேடு தெரிந்தது. அது உள்ளிருந்த ஸ்ட்ரேஞ்சின் கைவேலையா, ஏதாவது கிளர்வு நிலையா, கேயான்–லாம்டா வகைப் பாதைகள் வந்து கலப்பதா என்று பல விளக்கங்கள் வந்தன. ஒரே மேட்டுக்கு இத்தனை உரிமையாளர்கள் இருந்தால் அதை வைத்து விழுக்காடு சொல்ல முடியாது. ஃபை ஒளியாக்கத்தை (ஒளியால் ஃபையை உருவாக்குவதை) மட்டும் வைத்துப் 'புரோட்டானில் இத்தனை ஸ்ட்ரேஞ்ச்' என்று யாராவது எண் சொன்னால் சந்தேகப்படுங்கள் என்பதுதான் என் கருத்து.

ஸ்ட்ரேஞ்சுக்கு நம்பத்தகுந்த வரம்புகள் வேறு பக்கத்திலிருந்து வந்தன. வலது கை, இடது கை எலக்ட்ரான்கள் (தற்சுழற்சி ஓடும் திசையிலும் அதற்கு எதிர்த்திசையிலும் உள்ளவை) புரோட்டானில் சிதறும்போது தோன்றும் மிக நுண்ணிய வேறுபாட்டை எம்ஐடி-யின் பேட்ஸ், ஜெர்மனியின் மைன்ஸ், ஜெஃபர்சன் ஆய்வகம் ஆகிய இடங்களில் பல ஆண்டுகள் அளந்தார்கள். புரோட்டானின் காந்தத் திருப்புதிறனில் ஸ்ட்ரேஞ்சின் பங்கு அதிகபட்சம் சில விழுக்காடு என்று முடிந்தது. கடல் இருக்கிறது, ஆனால் அதில் ஸ்ட்ரேஞ்சும் எதிர் ஸ்ட்ரேஞ்சும் ஒன்றையொன்று அனேகமாக மறைத்துவிடுகின்றன.

அப்படியானால் மீசான் ஒளியாக்கம் எதைத்தான் உறுதியாகச் சொல்கிறது? என்னைக் கேட்டால், மிக அழகானது குவார்க் எண்ணும் விதி. ஃபோட்டானும் புரோட்டானும் மோதி, நேர்மின் பையானும் நியூட்ரானும் 90 பாகையில் பிரியும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய திருப்பத்தில் புரோட்டான் உடைந்து சிதறாமல் நியூட்ரானாகப் போக வேண்டுமென்றால், உள்ளே உள்ள ஒவ்வொரு குவார்க்கும் செய்தி வாங்கி ஒன்றாகத் திரும்ப வேண்டும். குவார்க்குகள் கூடக்கூட அது நடக்கும் வாய்ப்பு ஆற்றலோடு வேகமாகச் சரியும். 1973-இல் பிராட்ஸ்கி–ஃபாரர் இருவரும், தனியாக மத்வேயேவ், முராத்யான், தவ்கெலித்ஸே மூவரும் இதற்கு எளிய விதி தந்தார்கள். பங்கெடுக்கும் அடிப்படைத் துகள்களை எண்ணுங்கள்: ஃபோட்டான் 1, புரோட்டான் 3, பையான் 2, நியூட்ரான் 3. மொத்தம் 9. இரண்டைக் கழித்தால் 7. நிறைமையச் சட்டகத்தில் மொத்த ஆற்றலின் வர்க்கம் இரட்டித்தால், குறுக்குவெட்டு 2-இன் ஏழாம் படி, அதாவது 128 மடங்கு, குறைய வேண்டும்.

1970-களில் ஸ்லாக்கில் அளந்தபோது படி 7-ஐ ஒட்டித்தான் வந்தது. 2003-இல் ஜெஃபர்சன் ஆய்வகமும் 90 பாகையில் அதையே கண்டது. யோசித்துப் பாருங்கள்: ஒரு வரைபடத்தின் சாய்விலிருந்து புரோட்டானில் மூன்று, பையானில் இரண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். கடலில் உள்ளவை இந்தக் கணக்கில் வருவதில்லை, ஏனென்றால் பெரிய உந்தத்தில் எல்லாரையும் ஒன்றாகத் திருப்ப வேண்டியிருப்பதால், ஆள் குறைவாக உள்ள உள்ளமைப்புதான் பிழைக்கிறது. பாடப்புத்தகத்தின் 'மூன்று' உண்மையில் கண்ணில் படுவது இந்த மூலையில்தான்.

ஆனால் இதிலும் ஒரு முள் உண்டு. இந்த விதி செல்லுபடியாகும் என்று கோட்பாடு எதிர்பார்த்த ஆற்றலைவிட மிகக் குறைந்த ஆற்றலிலேயே பையான் தரவு அதற்குப் பணிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், மீசானுக்குப் பதில் ஃபோட்டானே திரும்பி வரும் காம்ப்டன் சிதறலில் இதே விதி 6 என்கிறது. ஜெஃபர்சன் ஆய்வகம் அளந்ததோ ஏறத்தாழ 8. ஓரிடத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பொருந்தி, பக்கத்து வினையில் பொருந்தாமல் போகிற விதியை நான் நேசிக்கிறேன், ஆனால் முழுதாக நம்புவதில்லை.

குறைந்த ஆற்றல் பக்கம் வந்தால் வேறு கதை. அங்கே ஃபோட்டான் புரோட்டானை ஒரு மணியைப் போலத் தட்டுகிறது. புரோட்டான் கிளர்வு நிலைக்குப் போய், மீசானை உமிழ்ந்து அடங்குகிறது. மூன்று குவார்க்குகளும் தனித்தனியாக அசைய முடிந்தால் எத்தனை கிளர்வு நிலைகள் இருக்க வேண்டும் என்று குவார்க் மாதிரி கணக்குச் சொல்கிறது. பையான் சிதறலில் கண்டவை அதைவிட வெகு குறைவு. இரண்டு குவார்க்குகள் இறுக ஒட்டிக்கொண்டு ஒரே துகள்போல் நடக்கின்றனவா, அல்லது அந்த நிலைகள் பையானோடு பேசாமல் கேயானோடு மட்டும் பேசுகின்றனவா? இரண்டாவதற்கு ஆதரவாகக் கேயான்–லாம்டா தரவு வந்தது. 1900 மெகா எலக்ட்ரான் வோல்ட் அருகே, தற்சுழற்சி 3/2 கொண்ட ஒரு நிலை உறுதியானதில் மேலே சொன்ன லாம்டா முனைவாக்க அளவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குவார்க்கும் ஒட்டிய ஜோடியும் மட்டும் என்ற எளிய படத்தில் அந்த நிலைக்கு இடமில்லை. இதற்காகத்தான் ஜெர்மனியில் பான், மைன்ஸ் நகர ஆய்வகங்கள் முனைவாக்க இலக்குகளோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தன. இத்தகைய ஒரு வினைக்கு 16 அளவீடுகள் சாத்தியம். அதில் கவனமாகத் தேர்ந்த 8 இருந்தால் வினையை முழுதாக அறிந்துவிடலாம் என்று 1997-இலேயே காட்டியிருக்கிறார்கள். எட்டையும் துல்லியமாக அளப்பது வேறு விஷயம்.

எச்சரிக்கைக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் இதே லெப்ஸ் சோதனை, 1540 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஐந்து குவார்க் துகள் ஒன்றைக் கண்டதாக அறிவித்தது: இரண்டு அப், இரண்டு டவுன், ஓர் எதிர் ஸ்ட்ரேஞ்ச். அடுத்தடுத்துப் பல ஆய்வகங்கள் "நாங்களும் பார்த்தோம்" என்றன. கிளாஸும் அதில் ஒன்று. பின்பு கிளாஸ் பல மடங்கு அதிகத் தரவோடு திரும்ப அளந்தபோது முகடு காணாமல் போயிருந்தது. சில டஜன் நிகழ்வுகளில் தெரியும் மேட்டைப் பார்த்தால் இந்தத் துறையில் இன்றும் ஒரு கை தானாக நெற்றிக்குப் போகும்.

கடைசியாக சார்ம். ஜே-சைக்கு வேண்டிய 8.2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், முடுக்கி 12-க்கு உயர்ந்த பிறகுதான் ஜெஃபர்சன் ஆய்வகத்துக்கு எட்டியது. அங்கே குளூஎக்ஸ் சோதனை 2019-இல் சுமார் 470 ஜே-சைகளை அறிவித்தது. 2023-இல் அது 2,200-ஐத் தாண்டியது. இவ்வளவு காலத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். குறுக்குவெட்டே ஒரு நானோபார்ன் அளவுதான். 2015-இலும் 2019-இலும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலுள்ள எல்எச்சிபி சோதனை சார்ம் ஜோடியை உள்ளடக்கிய ஐந்து குவார்க் நிலைகளைக் கண்டிருந்தது. அவை புரோட்டானும் ஜே-சையும் சேர்ந்த கட்டு என்றால், 9.4 முதல் 10.1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்களில் முகடுகளாக எழ வேண்டும். குளூஎக்ஸில் முகடு எதுவும் எழவில்லை. அதனால் அவை புரோட்டான்–ஜே-சையாகச் சிதையும் வாய்ப்புக்கு ஒரு மேல்வரம்பு கிடைத்தது. நிலைகளே பொய் என்று ஆகிவிடாது.

புரோட்டானில் ஏற்கெனவே சார்ம் உண்டா என்ற கேள்விக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1980-இலேயே பிராட்ஸ்கியும் கூட்டாளிகளும் அப்படி ஒரு சிறு கூறு இருக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். 2022-இல், புரோட்டானுக்குள் எந்தக் குவார்க்குக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிடும் என்என்பிடிஎஃப் குழு மோதல் தரவுகளை மொத்தமாக அலசி, மூன்று சிக்மா அளவில் (இங்கே சிக்மா என்பது துகள் இல்லை, புள்ளியியல் உறுதியின் அலகு) அதற்குச் சான்று இருப்பதாக வெளியிட்டது. எல்லாரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஜே-சை ஒளியாக்கத்தை இதற்குச் சாட்சியாக இழுக்க ஆசை வரும். ஆனால் ஃபோட்டானே சார்ம் ஜோடியைக் கொண்டுவர 8 பங்கு வாய்ப்பு இருப்பதை மேலே பார்த்தோம். பெரும்பாலும் இந்த வினை புரோட்டானின் சார்மை அளப்பதில்லை. அதன் குளூவான்களை அளக்கிறது. 2023-இல் அதே ஆய்வகத்தின் இன்னொரு சோதனை அப்படித்தான் பயன்படுத்தி, குளூவான்கள் சுமக்கும் நிறை, மின்சுமையைவிடச் சிறிய ஆரத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று ஒரு மாதிரியின் துணையோடு சொன்னது.

அந்த மாதிரிக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஜே-சை நேராக உருவாகியிருக்க வேண்டும். சார்ம் கொண்ட மீசானும் சார்ம் கொண்ட லாம்டாவும் இடையில் தோன்றி, திரும்ப ஜே-சையாகச் சேர்ந்தும் இதே முடிவு வரலாம். அந்த இடைவழிகளின் வாசல்கள் 8.7-இலும் 9.4-இலும் இருக்கின்றன. குளூஎக்ஸின் 2023 தரவில் 9-ஐ ஒட்டி ஒரு சிறு பள்ளம் தெரிகிறது, சரியாக இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில். அது பள்ளம்தானா, தற்செயலா என்று சொல்ல இருக்கும் நிகழ்வுகள் போதாது.